பனியிடம் தோற்கும் படை!

கம்ப்யூட்டரில் ஒரு யுத்த விளையாட்டு

ரஷியா மீது படையெடுக்க உங்களுக்கு ஆசையா?

துப்பாக்கி வேண்டாம். பீரங்கி வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே படையெடுக்கலாம்!

ஆனால், வெற்றி கிடைக்குமா? அதுதான் சந்தேகம்!

அமெரிக்காவில் 1981-ம் ஆண்டு ஒரு விளையாட்டு வெளிவந்தது. அதன் பெயர் 'ஈஸ்டர்ன் பிரண்ட் 1941'. 'கிழக்குப் போர்முனை' என்று பொருள். வீடுகளில் வைத்திருந்த 'அட்டாரி' கம்ப்யூட்டரில் ஆடுவதற்காக அது உருவானது.

அதை உருவாக்கியவர், கிரிஸ் கிராபோர்டு. அவர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். பிறகு அட்டாரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

உண்மைக் கதை

விளையாட்டின் கதை கற்பனை அல்ல. 1941-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி ஹிட்லரின் படைகள் ரஷியாவுக்குள் புகுந்தன. அந்தத் தேதியில்தான் ஆட்டமும் தொடங்குகிறது.

ஆடுகிறவர் ஜெர்மன் தளபதி. அவரை எதிர்ப்பது கம்ப்யூட்டர். ரஷியப் படைகளை அதுதான் நடத்துகிறது.

டெலிவிஷன் திரையில் ரஷிய நாட்டின் வரைபடம் தெரியும். ஆறு, காடு, நகரம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு சிறு பிடியை அசைத்து, எந்தப் படை எங்கே போகவேண்டும் என்று உத்தரவு போடவேண்டும்.

நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில், ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இதில் அப்படி இல்லை. இரு தரப்பும் முதலில் உத்தரவு போட்டுவிட வேண்டும். பிறகு இரண்டு படைகளும் ஒரே நேரத்தில் நகரும். அதோடு ஒரு வாரம் முடிந்தது. அடுத்த வாரத்துக்கு மீண்டும் உத்தரவு!

தூங்காத எதிரி

இதில் ஒரு வேடிக்கை உண்டு.

நீங்கள் யோசித்துக்கொண்டு இருக்கும்போது கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. அதுவும் திட்டம் போடும். நீங்கள் அதிக நேரம் யோசித்தால், அதுவும் அதிக நேரம் யோசிக்கும். அதன் திட்டமும் சிறப்பாகிவிடும்!

இவ்வளவும் செய்யும் விளையாட்டை, சுமார் 16 ஆயிரம் எழுத்துக்கள் கொள்ளும் இடத்துக்குள் கிராபோர்டு அடக்கிவிட்டார். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாது.

சேறும் பனியும்

கோடை காலத்தில் ஜெர்மன் படை வேகமாக முன்னேறும். ஊர் ஊராகப் பிடிபடும். 'மாஸ்கோ இதோ வந்துவிட்டது!' என்று தோன்றும்.

அப்போது மழைக்காலம் வரும். திரையில் தரை பழுப்பு நிறமாக மாறும். எங்கும் சேறு! படைகள் ஆமைபோல் நகரும்.

பிறகு பனிக்காலம். தரை வெள்ளையாகும். ஆறுகள் உறைந்துபோகும். பின்னால் இருந்து வரவேண்டிய உணவும் குண்டும் குறைந்துவிடும். படையின் பலம் தேயும். ரஷியர்கள் திருப்பித் தாக்குவார்கள். கோடையில் சேர்த்த 'மார்க்' எல்லாம் பனியில் கரையும்!

1942 மார்ச் இறுதியில் ஆட்டம் முடியும். அதுவரை பிடித்த இடத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

உண்மையிலும் இதுதான் நடந்தது. சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் படையெடுத்தார்கள். குளிர்காலத்துக்கு முன்பே வெற்றி என்று ஹிட்லர் நம்பினார். டிசம்பர் 5-ந் தேதி மாஸ்கோ அருகே ரஷியர்கள் திருப்பித் தாக்கினார்கள். ஜெர்மன் படை பின்வாங்கியது.

திரையில் காட்டாதது

பிள்ளைகள் யுத்த விளையாட்டு ஆடலாமா என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி!

இந்த ஆட்டத்தில் படை அழிந்தால், ஒரு சிறு சதுரம் மறையும். அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அழுகுரல் இல்லை.

ஆனால் அந்த யுத்தத்தில் இறந்த சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். லெனின்கிராட் நகரம் 872 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. லட்சக்கணக்கானவர்கள் பசியால் மடிந்தார்கள். எந்த 'மார்க்'கும் அந்தக் கணக்கைச் சொல்லாது.

கிராபோர்டு 1985-ம் ஆண்டு இன்னொரு விளையாட்டைக் கொண்டுவந்தார். 'பேலன்ஸ் ஆப் பவர்' என்பது அதன் பெயர். அதில் அமெரிக்காவும் ரஷியாவும் மோதிக்கொள்ளும். அணுகுண்டு யுத்தம் மூண்டால் ஆட்டம் முடிந்தது! குண்டு வெடிக்கும் காட்சியைப் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். திரையில் சில வரிகள் மட்டும் தோன்றும். தோல்விக்குப் பரிசு கிடையாது என்பதே அவற்றின் கருத்து!

மாஸ்கோவைப் பிடிக்கச் சொல்லி ஒரு விளையாட்டைச் செய்தவர், யுத்தமே வராமல் பார்த்துக்கொள்ளும்படி இன்னொன்றைச் செய்தார்.

உங்கள் பிள்ளை செல்போனில் யுத்தம் நடத்துகிறானா? உடனே பிடுங்கவேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள்.

"ஜெயித்தது இருக்கட்டும், தம்பி. அந்த ஊரில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேளுங்கள்.