எட்டு ரூபாய்க் காற்று!

பெரம்பூரில் வீடு தேடும் பிரம்மச்சாரிகளே... வாடகை, அட்வான்ஸ், மெட்ரோ தண்ணி எல்லாம் விசாரிப்பீர்கள், சரி. 'கரண்ட் யூனிட் எவ்வளவு சார்?' என்று கேட்டீர்களா? 'எட்டு ரூபா' என்பார் வீட்டுக்காரர். சில சந்துகளில் பத்து. மோட்டாருக்குத் தனி!

அட, 100 யூனிட் இலவசமாச்சே? வாஸ்தவம். 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா கையெழுத்துப் போட்ட திட்டம். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட். ஆனால், அது குடும்பத்துக்கு இல்லை, மீட்டருக்கு! பேப்பர் மில்ஸ் ரோடு பக்கத்துச் சந்துகளில் ஒரே வாசல், ஒரே மீட்டர், உள்ளே அஞ்சு குடித்தனம் என்பது சகஜம். ஆளுக்கொரு 'சப் மீட்டர்' தொங்கும். அதற்கும் மின்வாரியத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டேன். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 120 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்குத் தனி மீட்டர் இருந்தால், 100 போக மிச்சம் இருபதுக்கு 2.25 வீதம் 45 ரூபாய். சப் மீட்டரில் 960! அஞ்சு குடும்பமும் சேர்ந்து 600 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டால் மலிவு ரேட்டும் போச்சு. வாரியத்தின் பில் 2,750. வசூல் 4,800. மிச்சம் 2,050 எங்கே என்று கேட்டால், 'அடுத்த மாசம் நீ எங்கே?' என்பார் வீட்டுக்காரர். அப்புறமும் ரேட் ஏறியது. கணக்கின் லட்சணம் மாறவில்லை.

75 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். அதாவது, ஒரு ராத்திரிக் காற்று ஆறு ரூபாய்.

இத்தனைக்கும் கூப்பிடு தூரத்தில் பேசின் பிரிட்ஜ் மின் நிலையம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை சாம்பலை வடசென்னைக்குத் தந்தது. வெளிச்சம் ஊருக்கெல்லாம் போனது. கணக்கெடுப்புக்காரர்கள் வந்தால் இந்தக் குடித்தனங்களையும் 'மின்வசதி உள்ள வீடு' என்றுதான் டிக் அடிப்பார்கள்.

தையல் கம்பெனிக்குப் போகும் ஒரு அக்கா சொன்னார்: "பகல்ல ஃபேனே போடறதில்ல தம்பி, வாசல்ல குந்திக்குவோம். ராத்திரி புள்ளைங்க தூங்கினதும் நிறுத்திடுவேன். வேர்த்து முழிச்சிக்கினா மறுபடி போடுவேன்."

"அப்ப நீங்க எப்பக்கா தூங்குவீங்க?"

சிரித்தார்.

"தனி மீட்டர் கேக்கலாமே?"

"மூணாவது வூட்டுக்காரங்க கேட்டாங்க. காலி பண்ணச் சொல்லிட்டாரு. புள்ளைங்களுக்கு இஸ்கூல் பக்கத்துல கீது தம்பி... இன்னொரு வூட்டு அட்வான்ஸுக்கு நான் எங்க போவேன்?"