மரை பொருந்தியதா, மாட்டிக்கொண்டதா?

‘அவனுக்கு மரை கழண்டுபோச்சு’ என்று பேச்சில் சொல்வோம். “மரைன்னா என்ன டீச்சர்?” என்று படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான். மேருவில் அவன் அப்பா பட்டறை வைத்திருக்கிறார். வீட்டில் நட்டு, ஸ்குரூ என்றுதான் புழக்கம். திருகாணியைச் சுற்றி ஏறும் வரிதான் மரை. அந்தக் கேள்வியிலிருந்து எழுதியதே இந்த விளக்கக் கட்டுரை. வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் உண்டு. கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்‌ஷன், கோவிட் ஊரடங்கின்போது இங்கிலாந்தில் பாகங்களைப் பூட்டி, நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். இப்படிப்பட்ட விமானங்களில் பல தகடுகளின் பின்புறம் கை போகாது. நட்டைப் பிடித்துக்கொள்ள முடியாது. அதனால், இரண்டு காது வைத்த நட்டு ஒன்றை முன்கூட்டியே தகட்டின் பின்னால் ரிவெட் அடித்து வைப்பார்கள். அதுதான் நட்பிளேட். முன்பக்கத்திலிருந்து திருகினால் போதும்.

எந்தத் திருகாணி? இங்கேதான் இரண்டு அளவுகள் வருகின்றன: ஒன்று விட்டம், மற்றொன்று மரை இடைவெளி. அமெரிக்க முறையில் ‘10-32’ என்றால், 10 என்பது விட்டத்தின் எண் (4.83 மில்லிமீட்டர்), 32 என்பது ஓர் அங்குலத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கை. 25.4-ஐ 32-ஆல் வகுத்தால் இடைவெளி 0.79 மில்லிமீட்டர். ‘8-32’க்கும் அதே இடைவெளிதான், விட்டம் மட்டும் 4.17. நம் ஊர்க் கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்4 திருகாணிக்கு விட்டம் 4, இடைவெளி 0.7. பார்வைக்கு 8-32 போலவே இருக்கும். 8-32 நட்பிளேட்டில் போட்டால் சில சுற்று போகும், அப்புறம் இறுகும். ‘ஆ, பிடிச்சிருச்சு’ என்று நினைப்போம். உண்மையில் மரை சிதைந்துகொண்டிருக்கும்.

இடைவெளி ஒன்றாக இருந்து விட்டம் மாறினால் இன்னும் ஆபத்து. 1990 ஜூன் 10-ஆம் தேதி, பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி, சுமார் 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி டிம் லங்காஸ்டரின் பாதி உடல் வெளியே இழுபட்டது. சிப்பந்திகள் அவரை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி அலஸ்டர் அட்சிசன் சவுத்ஹாம்டனில் விமானத்தை இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள்.

காரணம்? அதற்கு முந்தைய பராமரிப்பில் கண்ணாடியைப் பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் சிறியது. மீதி 6 போல்ட்டுகளின் நீளம் குறைவு. பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். 10-32 நட்டுக்குள் 8-32 போல்ட்டு. மரை எண்ணிக்கை ஒன்று என்பதால் உள்ளே போனது, பிடித்ததுபோல் தெரிந்தது. வித்தியாசம் 0.66 மில்லிமீட்டர்தான்.

எனவே சரிபார்க்க மூன்று படிகள்:

1. வரைபடத்தில் உள்ள பாக எண்ணையும் பொட்டலத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். கழற்றிய ஆணியே சரியானது என்று நம்பாதீர்கள்.

2. மரை அளவியின் பற்களை மரையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடுக்கில் ஒளி தெரிந்தால் அது வேறு இடைவெளி. விட்டத்தைத் தனியாக அளந்து பாருங்கள்.

3. முதல் சுற்றைக் கையாலேயே திருகுங்கள். நட்பிளேட்டுக்கு இயல்பாகவே ஒரு பிடிமானம் உண்டு. ஆனால் உலோக நட்பிளேட்டில் அது நட்டின் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். தொடக்கத்திலேயே இறுகினால் நிறுத்திவிடுங்கள்.

வகுப்பில் நாலைந்து திருகாணிகளையும் ஓர் அளவுகோலையும் கொடுத்து, மரைகளை எண்ணச் சொல்லுங்கள். பார்த்ததை ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். என் மாணவன் எழுதிய கடைசி வரி: “உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு.” அவன் அப்பாவிடம் காட்டினானாம். “இதைத்தான்டா நான் தினமும் கத்துறேன்” என்றாராம்.