ஜெயித்த ஆட்டத்தை முடிக்க எத்தனை நகர்த்தல்?

சதுரங்கத்தில் எதிராளியிடம் ராஜா மட்டும்தான் மிச்சம். நம்மிடம் ராஜாவோடு ராணியும் இருந்தால், பிசகாமல் ஆட, 10 நகர்த்தலுக்குள் மேட். ராணிக்குப் பதில் யானை என்றால் அதிகபட்சம் 16. மந்திரியும் குதிரையும் என்றால் 33. இந்தக் கடைசிக் கணக்கில்தான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும். 2013-ல் அப்போதைய மகளிர் உலகச் சாம்பியன் அன்னா உஷேனினாவே இதை முடிக்க முடியாமல் டிரா செய்தார்.

இவ்வளவு கறாரான எண்கள் எப்படிக் கிடைத்தன? கணினி ஆட்டத்தை வாலிலிருந்து பிடிக்கிறது. சில காய்களே உள்ள எல்லா நிலைகளையும் அடுக்கி, மேட் ஆன நிலைகளை முதலில் குறித்துக்கொள்ளும். அவற்றுக்கு ஒரு நகர்த்தல் முன்னால் என்ன இருந்திருக்கும், அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கியே நடக்கும். ஊகத்துக்கு அங்கே வேலையில்லை. குதிரைக்கு எதிராக இரண்டு மந்திரிகள் வெல்வது சந்தேகம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1980-களில் கணினி அறிஞர் கென் தாம்சனின் நிரல், வெற்றி நிச்சயம், ஆனால் 66 நகர்த்தல் வரை ஆகலாம் என்றது. 2012-ல் மாஸ்கோவின் லொமொனோசொவ் பல்கலைக்கழகக் கணினி ஏழு காய் நிலைகளை அலசியபோது, மேட்டுக்கு 549 நகர்த்தல் தேவைப்படும் ஒன்று அகப்பட்டது!

மனிதர் ஆட்டத்தில் அது செல்லாது. எந்தக் காயும் வெட்டப்படாமல், சிப்பாயும் நகராமல் இரு தரப்பும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம். 75 ஆனால் கேட்காமலே டிரா. 66 நகர்த்தல் வெற்றியும் இதில் அடிபட்டுப்போகும். எனக்கு இது நியாயமான விதியாகவே படுகிறது. விடிய விடிய யார் உட்கார்ந்திருப்பது?

நேர்மாறான கதை 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் நடந்தது. உலகச் சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தில் சென்னைப் பையன் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் நிலை டிராதான். 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குத் தவறாக நகர்த்தினார். குகேஷ் யானைக்கு யானை மாற்றி, மூலையில் சிக்கியிருந்த டிங்கின் மந்திரியையும் தன் மந்திரிக்கு மாற்றிக்கொண்டார். ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்ச, 58-வது நகர்த்தலில் டிங் பணிந்தார். கையில் வந்த வெற்றியை முடிக்க குகேஷுக்கு நாலே நகர்த்தல்.

கீரமங்கலத்தில் பிள்ளைகளைப் பள்ளிப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பத்துத் தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்யவைக்கும் முன், ஒற்றை யானையை வைத்து மேட் செய்யப் பழக்குங்கள்.