வாரத்தில் ஒரு நாள் மட்டும் திறந்த குளம்: சாமி லீயின் வாழ்வு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாசடீனா என்னும் நகரம் உள்ளது. அங்கு புரூக்சைட் பூங்காவில் இருந்த நகராட்சி நீச்சல் குளத்தில், வெள்ளையர் அல்லாதோர் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே இறங்கலாம். அந்த நாள் முடிந்ததும் குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டு, வெள்ளையர்களுக்காகப் புதுநீர் நிரப்பப்படும். 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கரும் அவருடன் சென்ற மக்களும் நீர் அருந்திய பின், சாணமும் கோமியமும் இட்டு அதைத் 'தூய்மை' செய்தவர்களை நாம் அறிவோம். ஆகவே பாசடீனாவின் வழக்கம் நமக்கு விளக்கம் கேட்பதில்லை.

அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்த சிறுவர்களுள் ஒருவர் சாமி லீ. கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1920இல் ஃபிரெஸ்னோவில் பிறந்தவர். 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் நடந்தபோது, தானும் ஒருநாள் அதில் வெல்வேன் என்று தந்தையிடம் கூறினார். அவர் தேர்ந்தெடுத்தது டைவிங்: உயரத்திலிருந்து குதித்து, காற்றிலேயே உடலைச் சுழற்றி, நீரில் நேராக இறங்கும் கலை. 10 மீட்டர் மேடையிலிருந்து குதிப்பவர் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் நீரைத் தொடுகிறார். அப்போது அவரது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நாள்தோறும் நீர் கிடைக்காதவர் இதை எவ்வாறு பழகுவது?

பயிற்சியாளர் ஜிம் ரயன் தம் வீட்டுப் பின்புறத்தில் குழி தோண்டி மணல் நிரப்பினார். லீ அதில் குதித்துப் பழகினார். மணலில் தலைகீழாக இறங்க முடியாது. கால்களை ஊன்றித்தான் இறங்க வேண்டும். அதனால் அவரது கால்கள் உரம் பெற்றன என்று பின்னாளில் வியந்து எழுதுவோர் உண்டு. அந்த வியப்பில் நமக்கு உடன்பாடில்லை. மறுக்கப்பட்ட குளத்துக்கு நன்றி சொல்லும் கதையாக அது மாறிவிடுகிறது. அதே நகரில், குழி தோண்டித் தர ஒரு ரயன் இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

1942இல் லீ தேசியப் பட்டம் வென்றார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. இடையில் மருத்துவம் படித்து 1947இல் பட்டம் பெற்றார். குளத்தின் தடையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நீதிமன்றம் சென்று வென்றபோது, நகராட்சி குளத்தையே மூடிவைத்தது. எல்லோருக்குமாக அது திறக்கப்பட்டதும் 1947இல்தான். மறு ஆண்டு லண்டனில், 28ஆம் வயதில், லீ மேடைப் பிரிவில் தங்கமும் 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு பிரிவில் வெண்கலமும் வென்றார். 1952இல் ஹெல்சிங்கியில் தம் 32ஆவது பிறந்தநாளன்று மீண்டும் தங்கம் வென்றார். மேடைப் பிரிவில் அடுத்தடுத்து இரு தங்கம் வென்ற முதல் ஆண் அவரே.

இரண்டு தங்கப் பதக்கங்கள், மருத்துவர் பட்டம், இராணுவத்தில் மேஜர் பதவி. இவ்வளவும் இருந்தும் 1955இல் கார்டன் குரோவ் பகுதியில் அவருக்கு வீடு விற்க மறுத்தார்கள். செய்தி நாளேடுகளில் வெளியாகி எதிர்ப்பு எழுந்தது. பெரிய மனிதர்கள் தலையிட்டனர். அதன் பின்னரே வீடு கிடைத்தது. பெயர் அறியப்படாத ஒரு கொரியக் குடும்பத்துக்காக எந்த நாளேடு எழுதியிருக்கும்?

காது, மூக்கு, தொண்டை மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே லீ பயிற்சியாளரானார். 1960, 1964 ஒலிம்பிக்கில் மேடைப் பிரிவில் தங்கம் வென்ற பாப் வெப்ஸ்டர் அவரிடம் பயின்றவர். பின்னர் வந்தவர் கிரெக் லூகானிஸ். சமோவா வம்சாவளியினர், தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர், நிறத்துக்காகப் பள்ளியில் ஏளனம் செய்யப்பட்டவர். லீ அந்தச் சிறுவனைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்துப் பயிற்சி அளித்தார். 1976இல் மொன்ட்ரியலில், 16 வயதில், லூகானிஸ் மேடைப் பிரிவில் வெள்ளி வென்றார். 1984, 1988 ஒலிம்பிக் போட்டிகளில் வேறொரு பயிற்சியாளரிடம் பயின்று நான்கு தங்கம் வென்றார்.

சாமி லீ 2016 டிசம்பரில், தம் 96ஆம் வயதில் மறைந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.