கல்பாசி பாசியா?

செட்டிநாட்டுக் குழம்புக்குப் பட்டை கிராம்போடு தாளிக்கும்போது, அதுவரை அடக்கி வைத்திருந்த மணத்தையெல்லாம் எண்ணெயின் சூட்டில் அவிழ்த்துவிடும் அந்தக் கறுத்துச் சுருண்ட சருகைக் கல்பாசி என்றே அழைத்துப் பழகிவிட்ட நாம், மழைக்காலத்தில் செங்கற் சுவரில் பட்டுப்போல் படரும் பாசிக்கும் அதற்கும் ஏதோ பந்துத்வம் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

தாவர சாஸ்திரிகள் ஃபியூனேரியா ஹைக்ரோமெட்ரிகா என்று பெயரிட்டிருக்கும் சுவர்ப்பாசியை எடுத்துக்கொண்டால், அது சந்தேகத்துக்கு இடமில்லாத தாவரம்; அதற்குத் தண்டு உண்டு, நடுநரம்பு நீங்கலாக ஒரே உயிரணுவின் கனமுள்ள இலை உண்டு, வேரின் ஸ்தானத்தில் மட்டும் மெல்லிய இழைகள். நெருப்பெரிந்து ஆறிய நிலம் அதற்குப் பிரியமான இடம். உச்சியில் நிற்கும் வித்துக்குடுக்கையின் காம்பு, காற்றின் ஈரம் ஏறி இறங்குவதற்கேற்ப முறுக்கிக்கொள்வதும் அவிழ்வதுமாக இருப்பதனால்தான், ஈரத்தை அளப்பது என்ற பொருளில் அந்த நாமகரணம்.

பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்னும் கல்பாசியோ தாவரமே அன்று. அது லைக்கன் வர்க்கத்தைச் சேர்ந்தது. அதாவது, ஒரு பூஞ்சையும் ஓரணுப் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். 1867-இல் ஸ்விஸ் அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன்களையே ஆராய்ந்துவந்த பண்டிதர்கள் பலர் அவரைப் பரிகசித்தார்கள். அவரும் பூஞ்சையை எஜமானனாகவும் பாசியை அடிமையாகவும் வர்ணித்தது சற்று மிகைதான் என்பது என் அபிப்பிராயம். பாசி சூரிய ஒளியில் ஆகாரம் சமைக்கிறது, பூஞ்சை மேலும் கீழும் தோலாக நின்று வெயிலினின்றும் வறட்சியினின்றும் அதைக் காக்கிறது.

சந்ததி பெருக்குவதிலும் இரண்டுக்கும் வழி வேறு. சுவர்ப்பாசியின் ஆணணு பெண்ணணுவிடம் நீந்திச் செல்ல நீர்ப்படலம் வேண்டும். கல்பாசியோ தன் விளிம்பில் மாவுபோன்ற துகள்களை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் சில பாசியணுக்களைப் பூஞ்சையிழைகளில் பொதிந்து, தனிக்குடித்தனம் போகும் பெண்ணுக்குச் சீர் கட்டிக்கொடுப்பதுபோல் காற்றோடு அனுப்பிவிடுகிறது. அப்படிப் போய் ஒட்டியது வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்வதால், மளிகைக்கடையில் கைப்பிடியாக அள்ளித் தருகிற சரக்கு பல ஆண்டுகளின் வளர்ச்சி.

பெயர் வைத்தவர்களை அடியோடு குறைகூறவும் மனம் வரவில்லை. மரப்பட்டையில் சாம்பல் நிறமாய் உலர்ந்து கிடக்கும் கல்பாசியின்மேல் மழை பெய்ததும், மேல்தோல் கண்ணாடிபோல் தெளிய, உள்ளே குடியிருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரிகிறது.