மிலிந்தன் தொடுத்த வினாக்கள்



யவனர் என்றதும் சங்கச் செய்யுள்களைக் கற்றோருக்குப் பொன்னோடு வந்து மிளகு ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் நினைவுக்கு வரும். மணிமேகலையைக் கற்றோருக்கு யவனத் தச்சரும் நினைவுக்கு வருவர். வணிகராகவும் கைவினைஞராகவும் நாம் அறிந்த அந்த யவனரிடையே, வினாத் தொடுத்தே புகழ்பெற்ற அரசன் ஒருவன் இருந்தான். கிரேக்கர் அவனை மெனாந்தர் என்றனர். பாளி நூலோர் மிலிந்தன் என்றனர்.

மகா அலெக்சாந்தர் கி.மு. 323இல் இறந்தபின் அவன் வென்ற நாடுகளைத் தளபதிகள் பங்கிட்டுக்கொண்டனர். பின்னாளில் பக்திரியாவிலிருந்து இந்துகுஷ் மலையைக் கடந்து வந்த கிரேக்கர் வடமேற்கு இந்தியாவில் அரசமைத்தனர். அவர்களுட் தலைசிறந்தவனே கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட மிலிந்தன். அவனது தலைநகரான சாகலம் இன்றைய பாகிஸ்தானின் சியால்கோட் என்பர். அலெக்சாந்தரிலும் கூடுதலான இனத்தவரை இவன் வென்றான் என்ற செய்தியை ஸ்திராபோ குறித்துள்ளார். இவன் பாசறையில் இறந்தபோது நகரங்கள் போட்டியிட்டு, ஈற்றில் அவனது சாம்பலைப் பங்கிட்டு நினைவுச்சின்னம் எழுப்பின என்கிறார் புளூட்டாக். கிரேக்க நூல்கள் அவனைப் பற்றிக் கூறுபவை இத்தகைய சில வரிகளே.

காசுகள் இன்னும் சிறிது பேசுகின்றன. ஒரு புறம் கிரேக்கம். மறுபுறம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதம். பலவற்றில் அதீனா தெய்வம் காட்சி தருகிறாள். எட்டு ஆரச் சக்கரம் பொறித்த காசும் உண்டு. இத்தகைய இருமொழிக் காசுகளின் துணைகொண்டே 1830களில் கரோஷ்டி எழுத்தை வாசிக்க அறிஞர் வழிகண்டனர்.

ஆயினும் அவனை வாழவைத்தது 'மிலிந்த பஞ்ஞ' என்னும் பாளி நூலே. நாகசேனர் என்ற துறவியிடம் அவன் தொடுத்த வினாக்களும் அவர் தந்த விடைகளும் அடங்கியது அது. உரையாடலைத் தொடர உடன்படுமுன் நாகசேனர் ஒரு நிபந்தனை விதிக்கிறார். அறிஞர் வாதிக்கும் முறையில் வாதிப்பதானால் தாம் ஆயத்தம். அரசர் வாதிக்கும் முறையிலானால் இல்லை என்கிறார். வேறுபாடு யாதென அரசன் கேட்கிறான். அறிஞர் தம் பிழை காட்டப்பட்டாற் சினப்பதில்லை. அரசரோ மறுத்துரைப்பவனைத் தண்டிப்பர் என்பது விடை. அரசன் அறிஞர் முறைக்கே உடன்படுகிறான்.

இதற்கு முன்னரே அந்நூலில் வருவது புகழ்பெற்ற தேர் உவமை. தேரில் வந்ததாகக் கூறிய அரசனிடம், அச்சுத்தான் தேரா, சில்லுத்தான் தேரா, நுகந்தான் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாக வினவுகிறார். ஒவ்வொன்றுக்கும் இல்லையென்றே அரசன் விடையிறுக்கிறான். உறுப்புகள் கூடியவிடத்துத் தேர் என்று பெயர் வழங்குவதுபோலவே ஆள் என்ற பெயரும் வழங்குகிறது என்று நாகசேனர் நிறுவுகிறார்.

சைவ சித்தாந்தம் பயின்ற எமக்கு, ஆன்மா இல்லை என்னும் இம்முடிவு உடன்பாடன்று. சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பௌத்தரை மறுத்தே உள்ளார். ஆனால் அவரும் எதிராளியின் கொள்கையை முதலில் எடுத்துரைத்த பின்னரே மறுக்கிறார். மறுப்பதற்கும் செவிகொடுத்தல் வேண்டும் என்பது இரு மரபுக்கும் பொது.

மிலிந்தன் பிறந்த இடமாக அந்நூல் கூறும் அலசந்தாவின் பெயர் எமது தீவின் வரலாற்றிலும் வருகிறது. எல்லாளனை வென்ற துட்டகைமுனு அநுராதபுரத்தில் மகாதூபிக்கு அடிக்கல் நாட்டியபோது, அலசந்தாவிலிருந்து யவனத் தேரர் ஒருவர் துறவியர் புடைசூழ வந்தார் என்கிறது மகாவம்சம். மிலிந்த பஞ்ஞ 18ஆம் நூற்றாண்டிலே சிங்களத்தில் பெயர்க்கப்பட்டது. இலங்கையில் அரச சேவையிலிருந்த ரைஸ் டேவிட்ஸ் அதனை ஆங்கிலத்தில் 1890இலும் 1894இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார்.

வகுப்பிலே துருவிக் கேட்கும் மாணவனை அதிகப்பிரசங்கி என்று அமர்த்திவிடுவது எம்மிடையே வழக்கம். ஆசிரியனாகிய நானும் இதற்கு விலக்கல்லன். கேள்வி கேட்டவன் தண்டிக்கப்பட்ட காலங்களையும் இம்மண் கண்டிருக்கிறது. வாளேந்திய அரசன் ஒருவன், 'அறிஞர் முறையிலேயே பேசுவோம்' என இசைந்த அந்தக் கணத்தை நினைக்கும்போது எனக்கு அதனாலேயே நெஞ்சு நெகிழ்கிறது. அவன் வென்ற ஊர்களின் பட்டியல் எம்மிடம் இல்லை. கேட்ட வினாக்கள் இருக்கின்றன.