படிப்பு ஏறாத பிள்ளை மக்குப் பிள்ளையா?



சில பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பட்டியில் எத்தனை ஆடு என்று ஒரு பார்வையில் சொல்லிவிடும். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும். பாட்டி ஒரு தடவை சொன்ன கதையை அப்படியே திருப்பிச் சொல்லும். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "ஒரு வரி வாசி" என்றால் மட்டும் முழிக்கும். நேற்றுப் படித்த சொல்லே இன்று புதிதாகத் தெரியும்.

வீட்டில் என்ன நடக்கிறது? "வாய் மட்டும் கிழியுது, படிக்கச் சொன்னா மட்டும் வலிக்குதா?" என்று அப்பா கையை ஓங்குகிறார். "விடுங்க, அவன் தலையில படிப்பு எழுதலை" என்று அம்மா கண்ணைத் துடைக்கிறார். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்த்தி வைக்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோகிறது. பையனாக இருந்தால் கூலி வேலை. பெண்ணாக இருந்தால் "படிப்புதான் வரலையே" என்று சீக்கிரம் மாப்பிள்ளை தேடுகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் எல்லாம் மக்கு அல்ல, சோம்பேறியும் அல்ல. இவர்களில் பலருக்கு இருப்பது ஒரு குறை. அதற்குப் பெயர் உண்டு, உதவியும் உண்டு. அந்த உதவியை அரசுப் பள்ளிக்கூடத்தில் செலவில்லாமல் பெறுவது எப்படி என்பதைச் சொல்வதே இந்தத் துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

இது என்ன குறை?

இதை டிஸ்லெக்சியா என்று டாக்டர்கள் சொல்வார்கள். தமிழில் வாசிப்புக் குறைபாடு எனலாம். கற்றல் குறைபாடு என்ற பெரிய வகையில் இது ஒன்று. இது புது நோய் அல்ல. 1896-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், நல்ல புத்தியுள்ள 14 வயதுப் பையன் ஒருவனுக்கு வாசிப்பு மட்டும் வராமல் இருந்ததை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

கண் எழுத்தைப் பார்க்கிறது. மூளை அந்த எழுத்தை ஒலியோடு சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கை மற்றவர்களுக்குச் சட்டென்று நடக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு மெதுவாக, தடுமாறி நடக்கும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கக்கூடும்.

அடையாளங்கள் என்ன?

1. எழுத்துகளை இடம் மாற்றி வாசிப்பது. "கரடி" என்பதைக் "கடரி" என்பது.

2. கொம்பும் காலும் குழம்புவது. "கெ" என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" என்றால் முன்னே கொம்பு, பின்னே கால். நமக்குப் பழகிப்போனது, இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சிக்கல்.

3. ல-ள-ழ, ந-ன-ண, ர-ற இவற்றை ஓயாமல் மாற்றி எழுதுவது, புள்ளியை விட்டுவிடுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது.

4. எழுத்துக்கூட்டிப் படித்துவிடும், ஆனால் ஐந்தாம் வகுப்பு வந்தும் வேகம் வராது. வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும்.

5. ஆங்கிலத்தில் தொல்லை இன்னும் கூடும். அங்கே எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு.

6. வாயால் கேட்டால் பதில் தெரியும்; எழுதச் சொன்னால் காகிதம் காலி.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இப்படிக் கொஞ்சம் தடுமாறும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாம் வகுப்பு வந்தும், ஒழுங்காகப் பள்ளிக்குப் போயும், சொல்லிக் கொடுத்தும் மாறவில்லை என்றால் கவனிக்க வேண்டும்.

முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள்

வாசிப்பு வராததெல்லாம் டிஸ்லெக்சியா அல்ல. பார்வை மங்கலாக இருக்கலாம். காதில் சீழ் வடிந்து காது மந்தமாக இருக்கலாம். இரத்தசோகையால் பிள்ளை சோர்ந்து கிடக்கலாம். சில பிள்ளைகளுக்குச் சில விநாடிகள் நினைவு தப்பி, வெறித்துப் பார்க்கும் வலிப்பும் உண்டு. அதைக் "கவனமில்லை" என்று நினைத்துவிடுகிறோம். பல நாள் பள்ளிக்குப் போகாததாலும் பிள்ளை பின்தங்கும்.

ஆகையால் முதல் வேலை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை. அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவக் குழு வருகிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி இவர்கள் பார்க்க வேண்டிய குறைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. குழு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்குப் பிள்ளையைக் கூலிக்கோ விருந்துக்கோ அழைத்துப் போகாதீர்கள். முடிந்தால் நீங்களும் போய், "இவனுக்கு வாசிப்பு வரலைங்க டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

யார் மேல் தப்பு?

யார் மேலும் தப்பில்லை. இந்தக் குறை பல குடும்பங்களில் பரம்பரையாக வருவதுண்டு. அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம். "உன் வீட்டு வாகுதான்" என்று ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வதால் பிள்ளைக்கு ஒரு எழுத்தும் கூடுதலாக வராது. கணவரே, நீங்களும் சிறு வயதில் இப்படித்தான் தடுமாறினீர்களா? அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். "எனக்கும் வரலைடா, அப்போ யாரும் கண்டுபிடிச்சுச் சொல்லலை" என்று அப்பா சொல்லும் ஒரு வார்த்தை பிள்ளைக்குப் பெரிய தெம்பு.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கும் படிப்பில் சிரமம் வர வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் தவறாமல் பரிசோதனைக்குப் போவதும், சத்தான உணவும், அடுத்த பிள்ளைக்குப் போதிய இடைவெளி விடுவதும் இதற்காகவும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தப் பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டறிந்து, அவர்களுக்கு ஏற்ற முறையில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் கூறுகிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பிள்ளையை அடிக்கவோ மனம் நோகும்படி நடத்தவோ கூடாது. "இவனுக்குப் படிப்பு வராது, வேறு பள்ளியில் சேருங்கள்" என்று எந்த அரசுப் பள்ளியும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை. தலை குனிந்து கேட்க வேண்டியதில்லை. சண்டை போடவும் வேண்டியதில்லை.

எங்கே போவது, யாரைப் பார்ப்பது?

முதல் படி: வகுப்பு ஆசிரியர். பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களோடு கணவன் மனைவி இருவருமாகப் போங்கள். குறை சொல்லும் குரலில் பேசாமல், "சார், வீட்டில நாங்க பார்த்தது இது, நீங்க வகுப்புல பார்த்தது என்னங்க?" என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பார்கள். அவர்களை வரவழைக்கத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மனு இப்படி இருக்கலாம்:

"ஐயா / அம்மா, தங்கள் பள்ளியில் ___ வகுப்பில் படிக்கும் என் மகன் / மகள் ___ நன்றாகப் பேசியும், கணக்குப் போட்டும், வாசிப்பதிலும் எழுதுவதிலும் மிகவும் பின்தங்கி உள்ளார். கற்றல் குறைபாடு உள்ளதா என்று பரிசோதிக்க வட்டார வள மையச் சிறப்பாசிரியருக்குப் பரிந்துரைத்து, வகுப்பில் தகுந்த உதவி செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தேதி போட்டு, இருவரும் கையெழுத்து அல்லது கைரேகை வையுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று பள்ளி முத்திரையோடு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும், காகிதம் நிற்கும்.

மூன்றாம் படி: மாவட்ட ஆஸ்பத்திரி. சிறப்பாசிரியர் சந்தேகப்பட்டால், மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். குழந்தை டாக்டர் உடலையும் கண்ணையும் காதையும் பார்ப்பார். உளவியல் நிபுணர் அறிவுத்திறனையும் வாசிப்பையும் சோதிப்பார். இது கேள்வி பதில் போன்ற சோதனைதான். ஊசி கிடையாது, கரண்ட் வைப்பது கிடையாது. ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை போக நேரலாம். வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் போய் வாருங்கள்.

மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லுங்கள்; அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்களே. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்கும் போன் செய்து கேட்கலாம்.

சான்றிதழ் எதற்கு?

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழைப் பொதுவாக 8 வயதுக்குப் பிறகே தருவார்கள். பிள்ளை வளர வளர மறுபடி சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். பிள்ளையின் ஆதார் அட்டை, போட்டோ, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சான்றின் பேரில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆள் தருவார்கள். ஒரு மொழிப் பாடத்தை எழுதாமல் விலக்கும் பெறலாம். இவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு வாசலில் நின்று கேட்டால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

குறை 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வியும், கல்லூரியிலும் அரசு வேலையிலும் இட ஒதுக்கீடும் சட்டத்தில் உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். சான்றிதழ் வரும்வரை பாடம் காத்திருக்கக் கூடாது. முன் வரிசையில் உட்கார வைப்பது, கரும்பலகையில் உள்ளதை எழுத நேரம் கொடுப்பது, எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, பதிலை வாயால் கேட்பது — இவற்றுக்குச் சான்று தேவையில்லை. இன்றைக்கே ஆசிரியரிடம் கேட்கலாம்.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்?

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். தாம்பாளத்தில் மணலோ அரிசியோ பரப்பி, ஒரு எழுத்தை விரலால் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதே அதன் ஒலியை வாயால் சொல்லட்டும். கண், காது, வாய், விரல் நான்கும் சேர்ந்தால் எழுத்து மனத்தில் நிற்கும். ஒரு நாளைக்கு 15 நிமிஷம் போதும். ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று எழுத்து போதும். அண்ணனோ அக்காவோ பாடத்தை உரக்க வாசிக்க, இந்தப் பிள்ளை கேட்டுப் படிக்கலாம்.

பிள்ளைக்கு எது நன்றாக வருகிறதோ — படம் வரைவது, கபடி, பறையடிப்பது, மோட்டாரைக் கழற்றி மாட்டுவது — அதை நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்ற பேச்சே வேண்டாம்.

உங்கள் சந்தேகங்கள்

கேள்வி: இதற்கு மாத்திரை, டானிக் உண்டா?
பதில்: கிடையாது. மூளைக்கு டானிக் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மந்திரிப்பதாலும் தீராது. சரியான முறையில், பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதே வைத்தியம்.

கேள்வி: வயது ஏறினால் தானாகச் சரியாகுமா?
பதில்: தானாகப் போகாது. ஆனால் உதவி கிடைத்தால் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாக வாசிக்கும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: சான்றிதழ் வாங்கினால் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகாதா?
பதில்: சான்றிதழ் உங்கள் பெட்டியில் இருப்பது, அதை ஊரில் தண்டோரா போடப் போவதில்லை. படித்து ஒரு வேலையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் படிப்பே துணை. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம்.

நினைவில் வையுங்கள்

அடி கொடுத்து எழுத்தை வரவழைக்க முடியாது.
கண், காது பரிசோதனை முதலில்.
மனு எழுத்தில், ஒரு பிரதி உங்கள் கையில்.
சான்று வரும்வரை காத்திருக்காமல் உதவியைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மேலும் விவரம் வேண்டுமானால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ கேளுங்கள். படித்து முடித்த பிறகு இந்தப் பிரசுரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை புத்தகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கலாம். அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.